காற்றை எப்போது உள்ளே விடுவது: ஜெய்சல்மேர் வீட்டில் எட்டுக் கோடைகள்

மன்னார்குடியில் வளர்ந்தவளுக்கு வெக்கை என்றால் ஒரே மருந்துதான் தெரியும்: ஜன்னலைத் திறந்து போடுவது. 2017 ஏப்ரல் கடைசியில் ஜெய்சல்மேருக்கு வந்த மறுநாள், பகல் பதினோரு மணிக்கு நான் அதைத்தான் செய்தேன். கணவருக்குக் காற்றாலையில் வேலை. கோட்டைக்கு வடக்கே ஒரு தெருவில் மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான்கு ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்துவிட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பு வாயில் முகத்தை நீட்டியது போல ஒரு காற்று உள்ளே புகுந்தது. கீழ் வீட்டு அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தித் தாழிட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "பேட்டா, இதற்குப் பெயர் லூ. இதை வீட்டுக்குள் கூப்பிடாதே," என்றார்.

தெருவில் எல்லோரையும் போல நானும் அவரை 'மாசா' என்றே கூப்பிடுகிறேன். அந்தச் 'சா' மார்வாடியில் மரியாதைக்குச் சேர்ப்பது. எனக்கு இந்த ஊரில் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கீழே நான் சொல்பவற்றில் பாதி அவரிடம் கேட்டது, மீதி அவரைக் கேட்காமல் செய்து பட்டுத் தெரிந்துகொண்டது.

இங்கே மே மாதம் பகலில் 42, 43 டிகிரி என்பது சாதாரணம். நாங்கள் வருவதற்கு முந்தைய ஆண்டு, 2016 மே 19 அன்று, ஜோத்பூர் சாலையில் இருக்கும் பலோடியில் 51 டிகிரி பதிவாகியிருந்தது. ஆனால் அதே மே மாதத்து விடியற்காலையில் 26, 27 டிகிரிக்கு இறங்கிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் பகலுக்கும் இரவுக்கும் இப்படி ஒரு வித்தியாசம் கிடையாது. காற்றில் ஈரம் இருப்பதால் இரவும் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பாலைவனத்தில் ஈரமில்லாத வானம் சூட்டைப் பிடித்துவைப்பதில்லை. இரவில் குளிர்ந்த காற்றை வீட்டுக்குள் நிரப்பிக்கொண்டு, பகல் முழுதும் அதைக் காப்பாற்றுவதுதான் இந்த ஊர்க்காரர்களின் முறை. ஒன்றரை அடி தடிமனுள்ள மஞ்சள் கல் சுவர்கள் அதற்காகத்தான். வெளிச்சூடு அவற்றைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது என்று முதல் ஆண்டு தடுமாறினேன். இரண்டு சாதாரணத் தெர்மாமீட்டர்கள் வாங்கி, ஒன்றை அறைக்குள்ளும் மற்றொன்றை வடக்குப் பக்கத்து நிழலிலும் மாட்டிய பிறகு குழப்பம் தீர்ந்தது. வெளியே உள்ளது உள்ளே உள்ளதைவிட இறங்கினால் திறக்க வேண்டும். ஏறினால் மூட வேண்டும். எங்கள் வீட்டில் மே, ஜூன் மாதங்களில் காலை ஏழரைக்கு மூடுகிறேன், இரவு ஒன்பதை ஒட்டித் திறக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் செலவு இந்த இரண்டு தெர்மாமீட்டர்கள்தான். ஏசி பிறகு.

திரைச்சீலையிலும் ஒரு பாடம் கற்றேன். மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கம் கனமான திரை தைத்துப் போட்டேன். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து, திரையைச் சுட வைத்து, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கியது. அடுத்த ஆண்டு அதே ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் சிக் தட்டியைத் தொங்கவிட்டோம். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றது. மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரோரம் உட்கார்ந்து காய் நறுக்க முடிந்தது. தட்டியின் அடிக்கட்டையை இரண்டு பக்கமும் சுவர் வளையத்தில் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் காற்றில் அடித்து அடித்து ஒரே மாதத்தில் நைந்துவிடும்.

மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்று பழையது, கல் பலகைகளைப் பரப்பி, மேலே சுண்ணாம்பும் மண்ணும் போட்டு இறுக்கிய கூரை. இங்கே அந்தப் பலகையைப் பட்டி என்கிறார்கள். மற்றொன்று பின்னாளில் மாசாவின் மகன் கட்டிய காங்கிரீட் அறை. அதில் இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் கை வைத்தால் சுடும். குழந்தையைத் தூங்க வைக்க முடியாமல் நான் அழுத இரவுகள் உண்டு.

அந்தக் கூரைக்கு முதலில் பச்சை நிழல்வலை கட்டினோம். மூங்கில் ஊன்றி, கயிற்றால் இழுத்துப் பிடித்து, பார்க்க நன்றாகவே இருந்தது. பதினாறாம் நாள் ஆந்தி வந்தது. ஆந்தி என்பது மணற்புயல். வலை, மூங்கில், கயிறு எல்லாம் மூன்றாவது வீட்டு மாடியில் போய் விழுந்தன. அங்கே அந்த நேரம் யாரும் இல்லை என்பதை நினைத்து நான் இன்றும் நன்றி சொல்கிறேன். இங்கே மாடியில் எதை நிறுத்தினாலும் இரும்புக் கோணச் சட்டம் போட்டு, கைப்பிடிச் சுவரில் போல்ட் முடுக்க வேண்டும். அதற்கு முடியாதென்றால் நிறுத்தவே கூடாது.

பிறகு கூரையின் மேல்தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு வந்தோம். இது மலிவான வேலை, ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். நான் முதல்முறை சுட்ட சுண்ணாம்புக் கட்டியைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்துப் பொங்கி, வாளியின் அடியே இளகிப்போனது. ஒரு துளி கண்ணில் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இரும்பு டிரம்மில்தான் நீற்ற வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். குழந்தைகளை மாடிப்படி ஏறவே விடக்கூடாது. ஓர் இரவு முழுக்க ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் ஃபெவிகாலும் கலந்துகொள்கிறேன். தளத்தை நன்றாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின் வெயில் இறங்கிய நேரத்தில்தான் அடிக்க வேண்டும். பகலில் அடித்தால் பிடிப்பதற்கு முன்பே காய்ந்து, பொடியாக உதிரும். முதல் பூச்சு நீளவாக்கில், மறுநாள் இரண்டாவது பூச்சு அகலவாக்கில்.

பூச்சுக்கு முந்தைய வாரம் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் 40 டிகிரி காட்டியது. வெளியே அதே வெயில் அடித்த அடுத்த வாரத்தில் 37. மூன்று டிகிரிதான். ஆனால் இரவில் அந்தக் கூரை முன்போல் அனலைக் கக்கவில்லை, குழந்தை தூங்கினாள். மழை கழுவிவிடுவதால் ஒவ்வோர் ஆண்டும் ஹோலி முடிந்ததும் மறுபடி அடிக்கிறோம். மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியதில்லை.

கூலர் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து வருகிற எல்லோரும் இதில் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஏசி போல நினைத்துக்கொண்டு, அறையை இறுக மூடிவிட்டுக் கூலரைப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முதல் கால் மணி நேரம் சுகமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அப்பளம் நமுத்தது, தலையணை ஈரமானது, ஐப்பசி மழைக்கு முந்தைய மன்னார்குடிப் புழுக்கம் அப்படியே அறைக்குள் வந்துவிட்டது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. கூலர் செய்யும் வேலை அவ்வளவுதான். அந்த ஈரக்காற்று வெளியேறினால்தான் புது வறண்ட காற்று உள்ளே வந்து, மறுபடி தண்ணீரை ஆவியாக்க முடியும். எனவே கூலர் இருக்கும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். கூலரின் முகத்தளவுக்குத் திறப்பு இருந்தால் நல்லது. சரியாக அமைந்துவிட்டால் 42 டிகிரிக் காற்று பத்து டிகிரிக்கு மேல் குறைந்து உள்ளே வருகிறது.

ஜூலைக் கடைசியில் பருவக்காற்றின் ஈரம் எட்டிப்பார்க்கும். அந்த நாட்களில் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுவதே மேல்.

கூலரில் தண்ணீர் ஊறி நிற்கும் தட்டிகளில் மரச்சீவல் திணித்தது மலிவு, ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அட்டையைத் தேன்கூடு போல ஒட்டிச் செய்தது பல ஆண்டு வரும், விலை அதிகம். எனக்குப் பிடித்தது கஸ் தட்டி. கஸ் என்று இவர்கள் சொல்வது நம் வெட்டிவேர்தான். முதன்முதலில் மாசா வீட்டு வாசலில் நனைத்துத் தொங்கவிட்ட தட்டியின் வாசம் வந்தபோது, பாட்டி வீட்டுப் பானைத் தண்ணீர் நினைவுக்கு வந்து, நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு எச்சரிக்கைகள். கூலருக்குள் தண்ணீர் ஊற்றும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்க வேண்டும். இரும்பு உடம்பு, ஈரத் தரை, மின்சாரம் மூன்றும் சேரும் இடம் அது. எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கோடைக்கு முன்பும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுகிறோம். இரண்டாவது, உப்பு நீர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் கெட்டிப்படும். மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டியை முழுதாக வடித்துவிடாவிட்டால் தட்டி கல்லாகிவிடும்.

மணலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. மே, ஜூனில் பெரும்பாலும் பிற்பகலில் ஆந்தி வரும். காற்று சட்டென்று நின்றுபோகும், மேற்கே வானம் மஞ்சளாகி, பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழும்பும். அதைப் பார்த்த பின் பத்து நிமிடம் இருந்தாலே அதிகம். மாடித் துணிகளை அள்ளுவது, கூலரை நிறுத்துவது, அதன்மேல் பழைய வேட்டி ஒன்றை மூடிக் கட்டுவது, பானைகளை மூடுவது என்று எனக்கு ஒரு வரிசை இருக்கிறது. கூலர் ஓடினால் புழுதி முழுதையும் இழுத்து ஈரத் தட்டியில் சேறாக அப்பிவிடும்.

கதவு இடுக்குகளுக்கு நுரை டேப் ஒட்டினேன். ஒரே கோடையில் பசை இளகி, நுரை பொடிப்பொடியாக உதிர்ந்து, அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலையானது. இப்போது நம்தா துணியைக் கீற்றாக வெட்டி, சிறு ஆணிகளால் கதவுச் சட்டத்தில் அடித்திருக்கிறோம். கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்த அந்தத் துணி ஐந்தாம் ஆண்டாக அப்படியே இருக்கிறது. கதவின் அடியில் இருக்கும் இடைவெளிக்குப் பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து, அதற்குள் மணலையே நிரப்பிக் குறுக்கே போட்டுவிடுகிறேன். மணல் தேடிப் போக வேண்டியதில்லை. இங்குள்ள வறட்சியில் மரக்கதவு சுருங்கிப் பலகைகளுக்கு நடுவே கோடு கோடாகப் பிளக்கும். மார்ச் மாதம் ஒரு கை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் அது பெருமளவு குறைகிறது.

புயல் ஓய்ந்த உடனே துடைப்பத்தை எடுக்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்துதான் எனக்கு இருமல் பிடித்தது. மெல்லிய தூசி இறங்க ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகு ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். விசிறி இறக்கைகளை முதலில், தரையைக் கடைசியில்.

தண்ணீர்க் கதை எனக்குச் சமையலறையில் தொடங்கியது. வந்த முதல் வாரம் சாம்பார் வைக்கத் துவரம் பருப்பைக் குக்கரில் எட்டு விசில் விட்டும் முழுசு முழுசாக நின்றது. பருப்பு பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தேன். மாசா ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்து, இதில் வேக வை என்றார். நான்கு விசிலில் குழைந்தது. நான் பயன்படுத்தியது ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். கடின நீரில் பருப்பு வேகாது. மாசா கொடுத்தது முற்றத்துக்கு அடியில் இருக்கும் டாங்கா என்ற தொட்டியில் சேர்த்த மழைநீர்.

குழாயில் வருவது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர். பஞ்சாபில் பியாஸ் நதியும் சட்லெஜும் கூடும் ஹரிகே அணையிலிருந்து புறப்பட்டு இவ்வளவு தூரம் பாலைவனத்தில் நடந்து வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் வேனில் தொடக்கத்தில் பழுது பார்ப்பதற்காகக் கால்வாயை அடைப்பார்கள். நஹர்பந்தி என்று அதற்குப் பெயர். அந்த வாரங்களில் குழாய் வரும் நாட்கள் இன்னும் குறையும். அப்போது வீட்டைத் தாங்குவது டாங்காதான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஜெய்சல்மேரில் ஆண்டு முழுதும் பெய்வதே ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். சென்னையில் அதைப்போல ஆறேழு மடங்கு பெய்கிறது. எங்கள் கூரை 80 சதுர மீட்டர். பதினாறாயிரம் லிட்டரில் சிதறியதும் ஆவியானதும் போகப் பன்னிரண்டாயிரம் மிஞ்சினால், இரண்டு குடித்தனத்துக்குமாக எட்டுப் பேருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு நாற்பது லிட்டர் வீதம் முந்நூறு நாட்கள் குடிக்கவும் சமைக்கவும் வருகிறது. இதை நான் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்த அன்று, மன்னார்குடியில் மழைநீர் சாக்கடையில் ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற நாட்களை நினைத்து மனம் வலித்தது.

ஆனால் டாங்காவுக்குப் பராமரிப்பு வேண்டும். ஜூன் மாதம், மழைக்கு முன், அடியில் இருக்கும் நீரை இறைத்துவிட்டு வண்டலை வாரி, உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். மூடியைத் திறந்து ஒரு பகல் முழுதும் காற்றாட விட்ட பிறகே ஆள் இறங்க வேண்டும். மேலே இன்னொருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பதில் மாசா மிகக் கண்டிப்பு. கூரையைக் கூட்டி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, இரண்டாம் மழையிலிருந்துதான் குழாயை டாங்காவுக்குத் திருப்புகிறோம். 2019இல் மழைநீர்க் குழாயின் வாயில் மணல் அடைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அரை மணி நேர மழைக்குக் கூரையில் தண்ணீர் தேங்கி, பட்டிகளின் இடுக்கு வழியே அரிசி மூட்டை மேல் ஒழுகியது. பாலைவனத்தில் மழைக்காக வீட்டைத் தயார் செய்வதா என்று அதுவரை நினைத்திருந்தேன்.

குளிர்காலம் பற்றிக் கொஞ்சம். டிசம்பர், ஜனவரியில் இரவு ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். அப்போது பகலில் தெற்கு ஜன்னலை முழுதாகத் திறந்து வெயிலை உள்ளே விடுகிறேன். ஜூனில் உச்சி வேளைச் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்பதால் ஜன்னல் மேலிருக்கும் கல் சஜ்ஜா அதை மறைத்துவிடுகிறது. டிசம்பரில் அது 40 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுவதால் சஜ்ஜாவுக்குக் கீழாக வெயில் புகுந்து கட்டில் வரைக்கும் வருகிறது. இட்லி மாவு பொங்குவதற்குப் பாத்திரத்தை ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் சுற்றி ஒரு மரப்பெட்டியில் வைக்கிறேன். கோடையில் அதே மாவு நான்கு மணி நேரத்தில் புளித்துவிடும்.

கழிவுநீரைச் சுவரோரம் விடக்கூடாது என்பதை நான் கோட்டையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். 1156இல் ராவல் ஜைசல் எழுப்பிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. குடத்தில் நீர் சுமந்த காலத்துக்காக அமைந்த குன்று அது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு வடிகால் கசிவு அடியிலுள்ள களிமண்ணில் இறங்கி, கொத்தளங்கள் சில சரிந்தே விட்டன. அதைக் கேட்டதிலிருந்து எங்கள் சமையலறைக் குழாயின் சொட்டலைக்கூட நான் விட்டுவைப்பதில்லை. அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் வாளியில் சேர்த்து, மேற்குச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும் ஒரு கன்றுக்கு ஊற்றுகிறேன்.

அது கேஜ்ரி. ராஜஸ்தானின் மாநில மரம். விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியும் இதுவும் ஒன்றே என்று தெரிந்த நாளில் நானும் மாசாவும் அந்தக் கன்றை வாங்கி வந்து வைத்தோம். 2021 ஜூலை, முதல் மழைக்கு மறுநாள். மெதுவாக வளரும் மரம். முதல் இரண்டு ஆண்டுகள் வேரை மட்டும் இறக்கிக்கொண்டு மேலே ஒன்றும் காட்டாமல் இருந்தது. ஆட்டுக்கு எட்டாமல் சுற்றிலும் முள்வேலி போட்டிருக்கிறோம். போன கோடையில் என் தோள் அளவுக்கு வந்துவிட்டது. மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அதன் நிழல் மாசாவின் சமையலறை ஜன்னல் கட்டை வரை ஏறுகிறது. எங்கள் மாடி ஜன்னலுக்கு இன்னும் ஏழெட்டு அடி இருக்கிறது.